பெயர் சொல்லாத துணை: களங்க நோய்களும் இணையக் குழுக்களும்

மாரடைப்பு வந்து ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், சொந்தபந்தம் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து நிற்கும். எந்த டாக்டர் கைராசிக்காரர், எதைச் சாப்பிடலாம், எப்போது வேலைக்குப் போகலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதே ஆளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தால் இந்தக் கூட்டம் வராது. வரக் கூடாது என்பதற்காகவே அவர் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடம்தான் அதிகம். மனைவியிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைக்கு வருமா? மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு ஒன்று 2000-இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் வெளிவந்தது. டேவிசன், பென்னிபேக்கர், டிக்கர்சன் ஆகிய மூவரும் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், டல்லஸ் நகரங்களில் 20 வகை நோய்களுக்கு எத்தனை ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள், இணையத்திலும் எண்ணினார்கள். எய்ட்ஸ், குடிநோய், மார்பகப் புற்று, புரோஸ்டேட் புற்று போன்ற, வெளியே சொல்லக் கூச்சமும் அவமானமும் தருகிற நோய்களுக்கே குழுக்கள் மிகுந்திருந்தன. உயிரைப் பறிப்பதில் எதற்கும் குறையாத இதய நோய்க்கு மிகக் குறைவாக இருந்தன. நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, ஊர் அதை எப்படிப் பார்க்கிறது என்பதே நோயாளிகளை ஒருவரையொருவர் தேட வைக்கிறது. இணையத்தில் மட்டும் தண்டுவட மரப்பு நோயும் நாள்பட்ட களைப்பு நோயும் முன்னுக்கு வந்தன. படி இறங்கிக் கூட்டத்துக்குப் போக உடம்பில் தெம்பில்லாதவர்கள் திரையின் முன் கூடியிருந்தார்கள்.

அப்படிக் கூடுகிறவர்களுக்கு இணையம் என்ன தந்திருக்கிறது, என்ன தர முடியாமல் நிற்கிறது, எதைப் பறித்திருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எச்.ஐ.வி.யை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். களங்கத்தின் சுமையும் அதற்கெதிரான அமைப்புகளின் வரலாறும் இந்த நோயில்தான் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த வரலாற்றில் சென்னைக்கு முக்கியமான இடமும் உண்டு.

இணையத்துக்கு முன்

ஒரே நோய் கொண்டவர்கள் முகம் பார்க்காமலே ஒருவருக்கொருவர் துணையாவது இணையத்தோடு பிறந்த பழக்கமில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்தில் தொழுநோயாளிகளை அடைத்து வைத்த மருத்துவமனை இருந்தது. உள்ளே வந்ததும் பலர் குடும்பத்தின் மானத்தைக் காக்கப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். வாக்குரிமை கிடையாது, 1946-இல்தான் திரும்பக் கிடைத்தது. வெளியே போகும் கடிதங்களைக் கிருமிநீக்கம் செய்த பிறகே அனுப்பினார்கள். அங்கிருந்த ஒரு நோயாளி 1931-இல் 'தி ஸ்டார்' என்ற இதழைத் தொடங்கினார். அவர் பெயர் ஸ்டான்லி ஸ்டெய்ன். அதுவும் உள்ளே வந்தபின் சூடிக்கொண்ட பெயர்தான். கண்பார்வை போன பிறகும் இதழை அவர் விடவில்லை. நாட்டுக்கு நாடு அஞ்சலில் பயணம் செய்த அந்த இதழ், நோயாளிகளுக்குச் செய்தியும் சிகிச்சை விவரமும் கொண்டுபோனதோடு, அரசின் தனிமைப்படுத்தும் கொள்கையை எதிர்க்கும் மேடையாகவும் இருந்தது. புனைபெயர், தொலைதூரத் தொடர்பு, அனுபவப் பகிர்வு, உரிமைக் குரல் என்று இன்றைய இணையக் குழுவின் உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன.

எய்ட்ஸ் வந்தபோது இந்த மரபு வேகம் பிடித்தது. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில், நோயுற்ற ஆண்கள் சிலர் மேடையேறி ஓர் அறிக்கை வாசித்தார்கள். தங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு குழுவிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். எச்.ஐ.வி. அமைப்புகள் உலகெங்கும் இன்றுவரை முன்வைக்கும் கோரிக்கையின் வேர் அது. 1994-இல் பாரிஸில் கூடிய 42 நாடுகள் அந்தக் கோட்பாட்டை அரசுகளின் உறுதிமொழியாகவே ஏற்றன.

இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் தொற்று தெரியவந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1997-இல், சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் கூடி இந்தியக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான அசோக் பிள்ளை, தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யாவும் வேறு சில பெண்களும் சேர்ந்து தங்களுக்கெனத் தனி அமைப்பு கண்டார்கள். கணவனால் தொற்றுப் பெற்று, கணவன் இறந்தபின் புகுந்த வீட்டின் பழியையும் சுமந்த பெண்களுக்கு, ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் பேச முடியாதவை நிறைய இருந்தன.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துத் (ஏ.ஆர்.டி.) திட்டம் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதன் தொடக்க மையங்களில் ஒன்று. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர்களில் பலர் அந்த நடைகூடத்தில்தான் தங்களைப் போல் இன்னொருவரை முதன்முதலாகப் பார்த்தார்கள். பார்த்துவிடுவார்களே என்ற பயமும் அதே வரிசையில்தான் இருந்தது. உள்ளூர் மையத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்துக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இணையம் வந்து சேர்ந்த வழி

வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பே, தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகளை இணைத்துச் செய்தி பரிமாறும் பலகைகள் அமெரிக்காவில் இருந்தன. அவற்றை எய்ட்ஸ் நோயாளிகள் விரைவாகவே பிடித்துக்கொண்டார்கள். பிலடெல்ஃபியாவில் கியோஷி குரோமியா என்பவர் நடத்திய 'கிரிட்டிக்கல் பாத்' திட்டம் அவற்றில் முக்கியமானது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாமில் பிறந்தவர் அவர், தானும் தொற்றுள்ளவர். 24 மணி நேரத் தொலைபேசி, செய்தி மடல், கணினிப் பலகை மூன்றையும் நடத்தி, மருத்துவ இதழ்களில் வருவதை நோயாளிக்குப் புரியும் மொழியில் தந்தார்.

1996-இல் அமெரிக்க அரசு இணையத்தில் 'ஆபாசம்' பரப்புவதைத் தண்டிக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆணுறை எப்படிப் போடுவது என்று பச்சையாக எழுதினால் அதுவும் குற்றமாகிவிடும் என்று வழக்குத் தொடுத்தவர்களில் குரோமியாவின் திட்டமும் ஒன்று. 1997-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. இணையப் பேச்சுரிமையின் அடித்தளம் என்று சட்ட மாணவர்கள் படிக்கிற அந்தத் தீர்ப்பில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் பங்குண்டு.

நம்மூரில் இணையம் இந்த வேலைக்கு வந்ததில் கல்யாணத்துக்குப் பங்கு அதிகம். தொற்றுள்ளவர்களுக்குத் தொற்றுள்ளவர்களையே பார்த்து முடித்துவைக்கும் பணியை டாக்டர் சுனிதி சாலமன் தன் மருத்துவமனையிலேயே செய்துவந்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஊரில் அவர் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தார். மகாராஷ்டிரத்தில் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய ஒருவர் 2006-இல் இதற்கென்றே திருமணத் தகவல் தளம் தொடங்கினார். பிறகு மலிவான கைபேசியும் டேட்டாவும் வந்தன. மாவட்டக் கூட்டமைப்புகளின் மாதக் கூட்டங்கள் மெல்ல மெல்ல வாட்ஸ்அப்புக்குள் நுழைந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றபோது, யாருக்கு எந்த ஊரில் மாத்திரை தீர்ந்திருக்கிறது என்ற தகவல் இந்தக் குழுக்கள் வழியாகவே ஓடியது. களப்பணியாளர்கள் பைக்கில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

குழுவுக்குள் நடப்பது

இப்படிப்பட்ட குழுவின் பெயரில் நோய் இருக்காது. ஏதோ ஒரு பூவின் பெயரோ, 'உறவுகள்' என்பது போன்ற பொதுச்சொல்லோ இருக்கும். முகப்புப் படமும் சூரிய உதயம் மாதிரிதான். உள்ளே வருகிற கேள்விகள் பெரும்பாலும் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவை, அல்லது கேட்டும் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனவை. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது, நிறுத்தலாமா? வைரல் லோடு ரிசல்ட்டில் எண்ணே இல்லையே, என்ன அர்த்தம்? சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன், மாத்திரை நேரத்தை மாற்றலாமா? வேலை கிடைத்த கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட் உண்டாம், என்ன செய்ய?

பதில்களில் பாதி, மருத்துவப் புத்தகத்தில் கிடைக்காதவை. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுங்கள். பயணம் போகும்போது டப்பாவுக்குள் பஞ்சு வையுங்கள், குலுங்கும் சத்தம் கேட்காது. மாமியார் கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லுங்கள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் சோதனை முடிவைப் போட்டால், கை கூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவியும். அந்த மகிழ்ச்சியை அவர் வேறெங்கே கொண்டாட முடியும்?

இதில் மூன்று வகை உதவி கலந்திருக்கிறது. முதலாவது தகவல்: மருந்து, சட்டம், அரசு உதவித்தொகை. இரண்டாவது மனத்துணை. மூன்றாவது வகையை ஆய்வாளர்கள் அதிகம் பேசுவதில்லை, உறுப்பினர்கள் அதிகம் மதிக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரனையும் பார்த்துவிட்ட ஒரு மூத்தவர் குழுவில் இருக்கிறார் என்ற எளிய உண்மை அது. நேற்று ரிசல்ட் வாங்கியவருக்கு எந்த ஆலோசகரின் பேச்சும் இதற்கு ஈடாகாது. ஒரு வரியும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்களுக்கும் இந்தப் பலன் கிடைக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பலன் உண்டு என்று உறுப்பினர்கள் சொல்வது ஒன்று. அளந்து காட்டுவது வேறு. ஐசன்பாக் குழுவினர் 2004-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில், நோயாளிகளின் இணையக் குழுக்கள் குறித்த 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தாமே நடத்தும் குழுக்களால் உடல்நலம் கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆய்வுக்கு உட்பட்ட குழுக்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு மருத்துவத் திட்டத்தின் துணைப்பகுதியாக இருந்தன. குழுவின் பலன் எது, திட்டத்தின் பலன் எது என்று பிரிக்கவே வழியில்லை. கெடுதல் நடந்ததற்கும் பெரிய சான்று இல்லை.

பிறகு வந்தவை இன்னும் துல்லியமானவை. லாஸ் ஏஞ்சலிஸில் ஆணோடு உறவுகொள்ளும் கறுப்பின, லத்தீன் ஆண்களுக்காக நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. முகநூலின் மூடிய குழுக்களில், பயிற்சி பெற்ற சக மனிதர்கள் 12 வாரம் அவர்களோடு பேசினார்கள். எச்.ஐ.வி. பற்றிப் பேசிய குழுக்களில் 44 சதவீதம் பேர் வீட்டுப் பரிசோதனைக் கருவி கேட்டார்கள். பொதுவான உடல்நலத்தைப் பேசிய குழுக்களில் அது 20 சதவீதம்தான். தயங்கி நிற்பவரைப் பரிசோதனை வரை கூட்டிவர இணையத் தோழரால் முடிகிறது.

பரிசோதனைக்கு வந்தவர் வாழ்நாள் முழுக்க மருந்தை விடாமல் சாப்பிட வேண்டுமே? நைஜீரியாவில் 15 முதல் 24 வயது வரையிலான தொற்றுள்ள இளைஞர்களுக்காக முகநூல் குழுக்கள் அமைத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. குறித்த அறிவு கூடியது. சிகிச்சையில் தொடர்ந்து நீடிப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜிம்பாப்வேயில் 'ஸ்வாண்டிரி' திட்டம் வேறு வழியில் போனது. தொற்றோடு வளர்ந்த 18 முதல் 24 வயது இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊக்கத்தொகையும் கொடுத்து, தங்களைவிட இளையவர்களின் வீட்டுக்கே போகச் சொன்னது. மாதக் குழுக் கூட்டமும், கைபேசிச் செய்தியும் அதனுடன் சேர்ந்தன. 2020-இல் வந்த முடிவின்படி, 96 வாரங்களுக்குப் பிறகு சிகிச்சை பலனளிக்காமல் போனவர்கள் அல்லது இறந்தவர்கள் வழக்கமான முறையில் 36 சதவீதம். இந்தத் திட்டத்தில் 25 சதவீதம்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. திரை தனியாக அறிவைக் கொடுக்கும், தயக்கத்தைக் குறைக்கும். உடம்பில் மாற்றம் தெரிய, திரைக்குப் பின்னால் பெயரும் சம்பளமும் உள்ள ஒரு மனிதர் வேண்டும்.

களங்கத்தைப் பற்றிய ஆய்வொன்றையும் சொல்ல வேண்டும். மெக்கென்னாவும் பார்ஜும் 1998-இல் வெளியிட்டது அது. வெளிப்பார்வைக்குத் தெரியாத, மறைத்து வைக்கக்கூடிய அடையாளம் கொண்டவர்கள் இணையக் குழுக்களில் பங்கெடுப்பதை ஆராய்ந்தார்கள். வாய் திறந்து பங்கெடுத்தவர்களுக்குத் தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளும் மனம் வந்தது. அதன் வழியே குடும்பத்திடமும் நண்பர்களிடமும் சொல்லும் துணிவு வந்தது. பாலியல் அடையாளமும் அரசியல் நம்பிக்கையும் அவர்கள் எடுத்துக்கொண்டவை, நோயை அல்ல. ஆனால் ஒளிந்துகொள்ளும் இடமே வெளியே வருவதற்குப் பழகும் இடமாகவும் ஆகலாம் என்ற அவர்களது முடிவு இங்கும் பொருந்துகிறது.

கசிவு

களங்க நோய்க்காரர்களின் குழுவில் தகவல் கசிந்தால், போவது கடவுச்சொல்லோ வங்கிப் பணமோ மட்டுமில்லை. 1990-களின் நடுவில், சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்த நாகாலாந்து மருத்துவர் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. மருத்துவமனை அதை வெளியே சொல்லிவிட்டது. நிச்சயித்த கல்யாணம் நின்றது. ஊர் ஒதுக்கியதால் நாகாலாந்தை விட்டே வெளியேறினார். 'எக்ஸ்' என்ற மறைபெயரில் உச்ச நீதிமன்றம் போனார். 1998-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. தொற்றுள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதலாம் என்றுகூட அது சொன்னது. அந்தக் கருத்தை 2002-இல் நீதிமன்றமே நீக்கியது. ஒரு சோதனை முடிவு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனதன் விலை இது.

இணைய காலத்தில் இந்தக் கசிவு ஒரு விரல் தட்டலில் நடக்கிறது. 2015 செப்டம்பரில் லண்டனின் பாலியல் நல மருத்துவமனை ஒன்று தன் செய்தி மடலை மின்னஞ்சலில் அனுப்பியது. முகவரிகளை மறைத்துப் போட வேண்டிய கட்டத்துக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும் கட்டத்தில் ஊழியர் போட்டுவிட்டார். ஏறத்தாழ 780 பேரின் முகவரிகள், பெரும்பாலானோரின் முழுப் பெயரோடு, ஒருவருக்கொருவர் தெரிந்துபோயின. 1,80,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு, எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்ததாக அறிவித்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். பரிசோதனைக்குப் போகவே அஞ்சும் புலம்பெயர் தொழிலாளிக்கு இதைவிடக் கெட்ட செய்தி என்ன இருக்க முடியும்?

பிழையால் நடப்பது ஒருபுறம். வியாபாரத்துக்காக நடப்பது இன்னொருபுறம். மனநலம் பற்றி நோயாளிகள் மனம் விட்டுப் பேசிய 'பேஷன்ட்ஸ் லைக் மீ' தளத்துக்குள் நுழைந்து, பதிவுகளை ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் அள்ளிக்கொண்டு போனது 2010-இல் வெளிவந்தது. ஒருபால் ஈர்ப்பு ஆண்களின் 'கிரைண்டர்' செயலி, பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை வேறு இரு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது 2018-இல் தெரியவந்தது.

வாட்ஸ்அப்பின் சிக்கல் இவற்றைவிட எளிமையானது. செய்திகள் பூட்டப்பட்டே பயணம் செய்கின்றன. ஆனால் சாதாரணக் குழுவில் சேர்ந்த மாத்திரத்தில் உங்கள் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிகிறது. அதை ட்ரூகாலரில் போட்டால் பெயர் வந்து நிற்கும். ஒருவர் எடுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். அதனால்தான் அனுபவமுள்ள அட்மின்கள், புதிதாக வருகிறவரை நேரில் அல்லது குரலில் விசாரித்த பிறகே சேர்க்கிறார்கள். தொழில்நுட்பத்தின் பூட்டைவிட வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளின் விழிப்பே இங்கே காப்பு.

யார் வெளியே நிற்கிறார்கள்?

இணையம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது நகரத்து ஆணின் எண்ணம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய இந்தியப் பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். தனக்கென்று கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம்தான். மகனுடைய போனைக் கடன் வாங்கிப் பேசும் ஒரு விதவைத் தாய், தன் நோயைப் பற்றிய குழுவில் அதே போனில் எப்படிச் சேர்வார்? பெண்களுக்குத் தனி அமைப்பு தேவைப்பட்ட 1998-இன் காரணங்கள் இன்னும் தீரவில்லை.

உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. மூலிகையில் முற்றிலும் குணம் என்று விளம்பரம் வந்து விழும். அதை நம்பிக் கூட்டு மருந்தை நிறுத்தினால், கட்டுப்பட்டிருந்த வைரஸ் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே மசியாததாக மாறும். விளம்பரத்தை நீக்கி, நம்பியவரைத் தனியாக அழைத்துப் பேசி, மீண்டும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பிவைப்பது அட்மினின் வேலை. தற்கொலை எண்ணத்தோடு நள்ளிரவில் ஒரு குரல் பதிவு வந்தால் எழுந்து உட்கார்ந்து பேசுவதும் அவர்தான். அவரும் நோயாளி, பெரும்பாலும் சம்பளமில்லாதவர். நல்ல குழுக்கள் பல, ஒற்றை மனிதர் களைத்துப்போனதால் அணைந்திருக்கின்றன.

களங்கம் உடைவது எங்கே?

இங்கேதான் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். குழு, களங்கத்தோடு வாழக் கற்றுத்தருகிறது. லேபிளைக் கிழிக்கவும், சத்து மாத்திரை என்று சொல்லவும் சொல்லித்தருகிறது. அந்த வீட்டில் அன்றைக்கு அது தேவையான உதவி. ஆனால் எத்தனை ஆயிரம் பேர் எவ்வளவு திறமையாக மறைத்தாலும் மாமியாரின் எண்ணமோ கம்பெனியின் விதியோ மாறப்போவதில்லை.

மாற்றம் வந்த இடங்களைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1998-இல் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்' இயக்கத்தினர், தொற்று உண்டு என்று நெஞ்சில் எழுதிய பனியனை அணிந்து தெருவில் நடந்தார்கள். தொற்றில்லாதவர்களும் அதையே அணிந்ததால், யாருக்கு நோய் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போனது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சேரிகளில் வகுப்பெடுத்தார்கள், அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், மருந்து வந்தது. இந்தியாவில் தொற்றுள்ளோர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியதன் பயன் 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாட்டை அது தடுக்கிறது. வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவர் மறைபெயரில் வழக்கு நடத்தவும் வழி செய்கிறது. 'எக்ஸ்' பட்டபாட்டுக்குச் சட்டம் சொன்ன பதில் அது. 2022-இல் மருந்து தட்டுப்பாடு வந்தபோது, தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன அலுவலகத்திலேயே ஒரு மாதத்துக்கும் மேல் நோயாளிகள் அமர்ந்து போராடினார்கள். எந்த மையத்தில் எந்த மாத்திரை இல்லை என்ற விவரம் அவர்களிடம் மாநிலவாரியாகக் கையில் இருந்தது.

அறிவியலிலும் இதே கதைதான். மருந்தால் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. 'பார்ட்னர்' என்ற ஐரோப்பிய ஆய்வின் 2019 முடிவு, 782 ஆண் இணைகளில் இப்படிப் பரவிய ஒரு நிகழ்வுகூட இல்லை என்று காட்டியது. ஆய்வுக்கூடத்தில் தெரிந்த இந்த உண்மையை 2016 முதல் உலகமெங்கும் முழக்கமாகக் கொண்டுசென்றவர்கள் தொற்றுள்ளவர்களே. நம் குழுக்களுக்குள் இது பலருக்கும் தெரியும். குழுவுக்கு வெளியே, பெண் பார்க்கப் போகும் வீட்டில், பல் பிடுங்கும் கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில் தெரிவதில்லை.

ஆக, இணையக் குழுவை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரே வார்த்தையில் தீர்க்க முடியாது. தனிமையைப் போக்குவதில் அதற்கு நிகரில்லை. சிகிச்சையில் நிலைக்கவைப்பதில், பயிற்சியும் ஊதியமும் பெற்ற சக நோயாளி பின்னால் இருந்தால் மட்டுமே வலுவாகிறது. களங்கத்தை உடைப்பதில், வெளியே ஓர் அமைப்பும் முகமும் இருந்தால் அதற்கு ஆள்பலமும் தகவலும் திரட்டித் தருகிறது. அவை இல்லாவிட்டால் நல்ல ஒளிவிடமாக நின்றுவிடுகிறது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. ஏ.ஆர்.டி. மையங்களில் தொற்றுள்ளவர்களையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்களாக அமர்த்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அவர்களைப் போன்றவர்கள் இரவு பகலாகக் கைபேசியில் செய்யும் வேலையை வேலையாகவே கணக்கில் எடுத்து ஊதியம் தர வேண்டும். மன அழுத்தத்தைக் கையாளப் பயிற்சியும் ஓய்வும் தர வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவரிடம் எப்படிப் புகார் செய்வது என்பது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒவ்வொரு நம்பிக்கை மையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். குழு நடத்துகிறவர்கள் சொந்த எண்ணைக் காட்டாத வழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் இல்லாத பெண்களுக்காக நேரடிக் கூட்டங்களைக் கைவிடாமல் நடத்த வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் அவர்களில் இருக்கக்கூடும், உங்களிடம் சொல்லாமலிருக்கலாம். நம்பிச் சொன்னால், அந்தத் தகவலை அவருடைய சம்மதமின்றி வேறொருவரிடம் சொல்லச் சட்டம் உங்களை அனுமதிக்கவில்லை. யாருடைய சோதனை முடிவாவது உங்கள் போனுக்கு வந்தால் மேலே அனுப்பாமல் அழித்துவிடுங்கள். கேள்வி உங்களுடையதே என்றால், பெயர் சொல்லாமல் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.